இடது பாதி அண்ணன், வலது பாதி மாப்பிள்ளை

ஒரு லயத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன் என்றால், அவன் சீக்கிரத்தில் பொய்யனாகிவிடுவான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. திருத்த ஆளில்லாத இடத்தில் உண்மை பேசுவதற்குப் பெரிய மனவலிமை வேண்டும். பதினெட்டு வயதில் என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு மெல்லிய மீசையும், டவுன் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றுபோன ஆங்கிலமும்தான். (மீசையைவிட ஆங்கிலம் கொஞ்சம் அடர்த்தி.)

மலாயாவில் கரங்கானுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவல். காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் வாளியைத் திறந்து பார்ப்பார்கள், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று. இருட்டிவிட்டால் தலை காட்டக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர் வீட்டுக்கே தெரியவில்லை. அதிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே லயத்தில் கதவுகள் மூடிக்கொள்ளும். அரிசி லாரி வந்தால்கூட அம்மா முதலில் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார். (நான் ஒரே பிள்ளை. எண்ணுவது எளிது.)

இந்தப் பயத்துக்கு நடுவில் லயத்துக்கு இருந்த ஒரே கொண்டாட்டம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் நான் படம் படித்துக் காட்டுவது. கரங்கானில் கனி நானாவின் கடையில் பழைய ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்கள் கயிற்றில் துணி காய்வதுபோலத் தொங்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் படித்துவிட்டுப் போட்டவை. அவற்றை வாடகைக்கு எடுத்துவந்து, படத்தைக் காட்டித் தமிழில் சொல்வேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் அனுமதித்திருந்தார். ஜனங்கள் காட்டைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தால் சரி என்று நினைத்தாரோ என்னவோ.

கதாநாயகர்கள் இரண்டு பேர். ஒருவன் எரிமலைக்குள் விழுந்து எழுந்து வந்தவன். கோபம் வந்தால் உடம்பெல்லாம் நெருப்பு. இன்னொருவன் பனிமூட்டமாகக் கரைந்து கதவிடுக்கில் நுழைகிறவன். இருவருக்கும் இருந்த ஆங்கிலப் பெயர்கள் லயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. நானே தீக்கண்ணன், பனிமாறன் என்று பெயர் சூட்டினேன். மேல் லயம் மொத்தமும் தீக்கண்ணன் பக்கம். அதற்குத் தலைவர், சேவலுக்கே தீக்கண்ணன் என்று பெயர் வைத்த வேலு அண்ணன். கீழ் லயம் பனிமாறன் பக்கம். அங்கே முனியம்மா அக்கா வைத்ததுதான் சட்டம். விடிகாலையில் காட்டோர மர நிரைக்குப் பால் வெட்டப் போகும்போது, அக்கா மூடுபனியைப் பார்த்து, "கூடவே வாடா ராசா" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

வினை அந்தப் பனிமாறனிடமிருந்துதான் வந்தது. அவனோடு ஆஸ்பத்திரியில் ரோஸி என்று ஒரு டாக்டரம்மா வேலை பார்த்தாள். ஒரு படத்தில் அவள் தோளில் கை போட்டுவிட்டான்.

"யாருடா இவ? கல்யாணமாவாத பொண்ணு மேல கை போடுறான்?" என்றார் முனியம்மா அக்கா.

கீழ் லயத்தின் கண் முன்னால் பனிமாறனின் மானம் சரிந்துகொண்டிருந்தது. மேல் லயத்தில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. வாய் தானாகச் சொன்னது: "அவன் கூடப்பொறந்த தங்கச்சிக்கா."

"அப்படிச் சொல்லு லா!" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு, தங்கச்சி மேல எவ்ளோ பாசம்!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருவரும் ஹோட்டலில் மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பிட்டால், தங்கச்சிக்குப் பிறந்தநாள். அவள் அழுதால், அப்பா நினைவு. முத்தம் கொடுக்கிற கட்டம் வந்தால் என் கட்டைவிரல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். (அந்த நாளில் அரசாங்கமே இவ்வளவு கண்ணும் கருத்துமாகத் தணிக்கை செய்திருக்காது.)

இந்த நிலையில்தான் கனி நானா ஒரு சனிக்கிழமை புதுப் புத்தகம் ஒன்றை நீட்டினார்.

"இத பாரு தம்பி. ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கிப்புட்டான். வேற ஒலகமாம். அங்க ரெண்டு பேரா பொறக்காம ஒருத்தனாவே பொறந்துட்டானாம். எனக்கே தல சுத்துது."

அட்டையில் ஒரே உடம்பு. வலது பாதி நெருப்பு, இடது பாதி பனி. பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கல்யாணம். நெருப்பும் பனியுமாக அந்தப் பாதிப்பாதி மாப்பிள்ளை நிற்கிறான். பக்கத்தில் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு ரோஸி. இதை மறைக்கக் கட்டைவிரல் போதாது, பாய் வேண்டும்.

திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம் என்றால், அதே பஸ்ஸில் வந்த எங்கள் லயத்து ஆள் அட்டையைப் பார்த்துவிட்டார். சேதி எனக்கு முன்னால் தோட்டத்துக்குள் போய்விட்டது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்தச் சமயத்தில் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி என்னைச் சின்னக் கிராணியாக எடுத்துக்கொள்ளத் துரையிடம் பேசியிருந்தார். பெயர் கெட்டால் வேலை போச்சு. கடைசிப் பக்கத்துக்கு முன்பே நிறுத்தி, "மீதி அடுத்த புத்தகத்தில்" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அட்டையைக் காட்டியதுமே கொட்டகை இரண்டாகப் பிளந்தது.

"எங்க ஆள எதுக்குடா அவன் கூடச் சேத்தான்?" என்றார் வேலு அண்ணன். "நெருப்பும் பனியும் சேந்தா என்னா வரும்? வெந்நீர்தான் வரும். குளிக்கத்தான் ஆவும்!"

"உங்க ஆளு சேந்ததாலதான் எங்க புள்ள வெந்நீராயிட்டான்" என்று கீழ் லயத்திலிருந்து பதில் வந்தது.

"இவன் யாரு வூட்டுப் புள்ள? ரெண்டு ஆத்தாவும் என்னா ஆனாங்க?" என்று மறுபடியும் வேலு அண்ணன்.

"இது நெஜம் இல்லண்ணே, வேற உலகம்" என்று நான் கெஞ்சினேன்.

"எந்த ஒலகமா இருந்தா என்னா? பெத்தவ ஒருத்தி வேணுமா வேணாமா?"

ஒரு வழியாகக் கடைசிக்கு முந்தின பக்கம் வரை ஓட்டிவிட்டேன். "அவ்வளவுதான், மீதி அடுத்த..." என்று மூடப்போன கையிலிருந்து முனியம்மா அக்கா புத்தகத்தைப் பிடுங்கினார். "இன்னும் ஒரு ஏடு இருக்கேடா" என்று புரட்டினார்.

கல்யாணப் படம் எல்லோர் கண்ணிலும் பட்டது. முதலில் மேல் லயம்தான் கைதட்டியது. வேலு அண்ணன் எழுந்து நின்றார். "எங்க தீக்கண்ணனுக்குக் கல்யாணம்! பொண்ணு டாக்டரு!"

"அட பாவிங்களா, அவ எங்க பனிமாறனோட தங்கச்சி!" என்று அலறினார் அக்கா. "அண்ணன் தங்கச்சியக் கட்டுறதா?"

"பாதிதான் அண்ணன். வலது பாதி எங்க ஆளு. வலது கையால தாலி கட்டினா செல்லும்!"

"இடது கை சும்மா இருக்குமா? இந்தக் கல்யாணத்த நடக்க விடமாட்டோம்!"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "பிரி! ரெண்டு பேரையும் பிரி!" என்று கீழ் லயம் கூவியது. "சேந்தது சேந்ததுதான்!" என்று மேல் லயம். தமிழ் தெரியாத ஒருவரின் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? வாசல் காவலில் இருந்த மலாய்க்காரப் பையனுக்கு எங்கள் சண்டை புரியவில்லை. கூட்டமும் கூச்சலும் புரிந்தன. போலீஸுக்கு டெலிபோனைச் சுழற்றிவிட்டான்.

லாரி வந்தது. அரிசி லாரி இல்லை.

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் இறங்கினார். கூடவே துப்பாக்கியோடு ஆட்களும், மொழிபெயர்க்க சிவலிங்கம் என்கிற தமிழ்க் கார்ப்பரலும். கூட்டத்துக்குத் தலைவன் யார் என்று கேட்டார்கள். சற்று முன்பு வரை எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு லயமும் ஒற்றுமையாக என்னைக் காட்டின.

வேலு அண்ணன் என்னைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக. "தொரை, இவன் நல்ல பையன். ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தன் நெருப்பு வெப்பான். இன்னொருத்தன் கண்ணுக்குத் தெரியாம வந்துட்டுப் போவான். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துட்டாங்க. அதான் தகராறு."

கார்ப்பரல் இதைச் சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"சேதி கொண்டுவர்றது யாரு?" என்று கார்ப்பரல் வழியாகக் கேட்டார்.

"இவன்தான். வாராவாரம் டவுன்லேருந்து கொண்டாருவான்" என்றார் வேலு அண்ணன்.

என் அம்மா சத்தம் போடாமல் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் மடித்த என் சட்டைகள் இரண்டு இருந்தன. லாரியில் போகிறவனுக்கு. 

நான் அவசரமாகப் புத்தகத்தை நீட்டினேன். அதிகாரி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நெற்றி மெல்லச் சுருங்கியது. "இதில் தங்கை எங்கே? கூட்டம் முழுக்கத் தங்கை என்று கத்துகிறதாமே. அச்சில் இல்லாத தங்கை எப்படி வந்தாள்? என்ன சங்கேதம் இது?"

யோசித்துப் பாருங்கள். தங்கை கதையில் உண்டு என்று சொன்னால் சங்கேதக்காரன், லாரி. இல்லை என்று சொன்னால் பொய்யன், லயத்தாரிடம் உதை. நான் ஆங்கிலத்தில் முணுமுணுத்தேன், தங்கை என் சொந்தக் கற்பனை என்று.

"இதை அவர்களிடம் சொல்" என்றார் அதிகாரி. "சத்தமாக."

திரும்பினேன். எல்லா முகமும் என்னையே பார்த்தன.

"ரோஸி... தங்கச்சி இல்ல. நானா சொன்னது. அவ அவனோட... சிநேகிதி."

முனியம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பிறகு கேட்டார்: "அப்போ ரெண்டு வருசமா நான் அழுதது யாருக்குடா?"

 பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு லயமும் ஒன்றாக என் மேல் பாய்ந்தன. என்னைப் பிடிக்க வந்த போலீஸ்தான் என்னைச் சுற்றி நின்று காப்பாற்றவேண்டியதாயிற்று. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கார்ப்பரலிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவன் வடிகட்டின முட்டாள். கம்யூனிஸ்டுகளே இவனை வேண்டாமென்று தள்ளிவிடுவார்கள். அவிழ்த்து விடு."

கார்ப்பரல் சிவலிங்கம் ஜனங்கள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். "தம்பி தங்கமான புள்ளயாம். இந்த மாதிரி புள்ள தோட்டத்துக்கு வேணும்னு தொரை சொல்றாரு."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். சரியான மொழிபெயர்ப்பு எது என்று லயத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். திருத்தவில்லை. எங்கள் துரையின் காதுக்கும் கார்ப்பரலின் வாசகம்தான் போய்ச் சேர்ந்தது. சின்னக் கிராணி வேலை கிடைத்தது. லயமும் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. ரோஸி தங்கைதான். அச்சடித்தவனுக்கு முறை தெரியவில்லை.

சில வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். லூனாஸில் ஒரு வீடு. உள்ளே போனதும், "வாங்க தம்பி, வாங்க" என்று வரவேற்றவர் கார்ப்பரல் சிவலிங்கம். பெண் அவருடைய தங்கை. (உடன்பிறந்த தங்கைதானா என்று இரண்டு முறை விசாரித்துக்கொண்டேன்.) காப்பி வந்ததும் அவர் சபையைப் பார்த்து, அன்றைக்கு வெள்ளைக்காரன் உண்மையில் என்ன சொன்னான் என்பதை ஒரு சொல் விடாமல், நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. எங்கள் கல்யாணம் அந்தச் சிரிப்பில்தான் நிச்சயமாயிற்று.

அன்று முதல் அந்த வீட்டில் நான் கம்யூனிஸ்டுகளே வேண்டாமென்று தள்ளிவிட்ட மாப்பிள்ளை. மச்சான் இதைச் சொல்லாத விசேஷம் கிடையாது. போன தீபாவளிக்கும் சொன்னார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: "அவங்களே வேணாம்னு சொன்ன ஆள நீங்க எப்படிம்மா வேணும்னு சொன்னீங்க?"

என் மனைவி முறுக்கை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணன் எதையுமே மாத்திச் சொல்ற ஆளாச்சே, இதையும் மாத்திதான் சொல்றாருன்னு நெனச்சேன். கட்டிக்கிட்ட அப்புறந்தான் தெரிஞ்சுது, அவரு சரியா மொழிபெயர்த்தது அது ஒண்ணுதான்."