சோபாவுக்கு மேலே கெட்டிஸ்பர்க் போர்

இந்த வியாழக்கிழமையோடு அந்தத் தையல் கூட்டத்துக்கு முடிவு கட்டுவது என்று சபதம் எடுத்தேன்.

பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் என் மனைவி லொரெய்னும்தான். நடத்திவந்த கடையையும் மூடியாயிற்று, இனி சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து பேசலாம் என்று பார்த்தால், வரவேற்பறை முழுக்கப் போர்வை தைக்கும் பெண்மணிகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவளோடு பேச ஏக்கமாக இருந்தது.

ஆகவே ஏலத்தில் ஒரு ஓவியம் வாங்கினேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எங்கள் ஊரிலேயே நடந்த கெட்டிஸ்பர்க் போர். சோபாவை விட நீளம். கை போனவன், கால் போனவன், சரிந்த குதிரை, எங்கும் ரத்தம். இதைப் பார்த்துக்கொண்டு எவள் கேக் தின்பாள்?

"லொரெய்ன், இதை சோபாவுக்கு மேலே மாட்டப்போறேன்." சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"தாராளமா மாட்டுங்க. இருங்க, ஏணியைப் பிடிச்சுக்கறேன்."

"ஒரே ரத்தமா இருக்கே, பரவாயில்லையா?"

"போர்ல பின்னே பன்னீரா தெளிப்பாங்க?"

வியாழன் வந்தது. கூட்டத்தின் தலைவி வெர்னா படத்தைப் பார்த்ததும் வீறிட்டாள். எனக்குப் பரம சந்தோஷம்.

"அய்யோ, இது எங்க கொள்ளுத்தாத்தா படையோட கொடி!"

"தள்ளுடி!" என்று முண்டியடித்து வந்தாள் இன்னொருத்தி. "அந்தக் கால் போன ஆளு எங்க கொள்ளுத்தாத்தாதான். அதே மூக்கு!"

"உங்க ஆளு ஓடிப்போனவராச்சே?" என்றாள் வெர்னா.

"யாருடி ஓடினது?"

எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் அந்தப் போரில் சண்டை போட்ட எவனாவது ஒருத்தனின் கொள்ளுப்பேத்தி மேல்தான் விழும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்க நாற்காலி படத்தை மறைக்குதாம். பேஸ்மென்ட்ல போட்டுக்குங்களேன்" என்றாள் லொரெய்ன். "இனிமே செவ்வாய்க்கிழமையும் வராங்களாம்."

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா ஏணியைப் பிடிச்சேன்?"

இப்போது செவ்வாயும் வியாழனும் நான் கீழே, துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே ஒரே சிரிப்பு. அத்தனை சிரிப்பிலும் லொரெய்னுடையது எனக்குத் தனியாகக் கேட்கும்.

நேற்று படிக்கட்டின் உச்சியிலிருந்து அவள் குரல்.

"ஏங்க! கொஞ்சம் மேல வாங்களேன்!"

அவசரமாகத் தலையை வாரிக்கொண்டேன். இரண்டு படி ஏறியிருப்பேன்.

"வெறுங்கையோட வராதீங்க. அங்கே மடக்கு நாற்காலி இருக்கும் பாருங்க, நாலு தூக்கிட்டு வாங்க!"