அப்பச்சியின் கடைவாய் ஆராய்ச்சி

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். இப்போதே அல்ல. வீட்டில் ஒருவர் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பது முறையில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

வீங்கியவர் என் அப்பச்சி, அதாவது அப்பா, கரியமாணிக்கம். சைகோனின் பென்தான் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார். பல் டாக்டரைத் தவிர உலகில் எதற்கும் பயப்படாதவர். என் ஆத்தா வெள்ளையம்மை பக்கத்தில் இருந்தால் மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

இடது மேல் கடைவாய்ப் பல் சொத்தை. அதற்கு சைகோனில் பாதிப் பேர் வைக்கிற மருந்துதான்: கொய்யா இலைக் கஷாயம். காலையும் மாலையும் கொப்பளிப்பு.

"நாட்டு வைத்தியம்னு நினைக்காதே, வெள்ளையம்மை. ஆராய்ச்சியே பண்ணியிருக்கான். தட்டுல கிருமியை வளர்த்து, நடுவுல கொய்யாச் சாறு தோய்ச்ச தாளை வச்சா, கிருமி வட்டமா விலகிடுது."

"அது தட்டு. இது உங்க வாய். இங்க விலகி எங்க போகும்? கன்னத்துக்குள்ளதான் போகும்."

"உனக்கு விஞ்ஞானம் தெரியாது."

"வீக்கம் தெரியுதே."

காய்ச்சல் வந்தது. இடது கண் மூடிக்கொண்டது. ஆத்தா சண்டையை நிறுத்திவிட்டாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"பல்லு விஷம் தலைக்கு ஏறிட்டா என்னடி பண்றது?" அடுக்களையில் அவள் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. "உனக்குத்தான் எல்லார் குரலும் வருமே. ஒரு ஆராய்ச்சிக்காரி மாதிரி பேசு."

பக்கத்து வீட்டுப் போனில் அப்பச்சியைக் கூப்பிட்டு, வியட்நாமியத்தில், மூக்கால், மரியாதையாகப் பேசினேன். "ஐயா, கொய்யா இலை ஆராய்ச்சியிலிருந்து லான் பேசுகிறேன். இத்தனை கஷாயத்துக்கும் அசையாத கிருமி எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. தங்கள் பல்லிலிருந்து ஒரு மாதிரி எடுக்கலாமா?"

அப்பச்சி இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். வழி காட்ட நானும் ஆத்தாவும் கூடப் போனோம். பல் மருத்துவமனையின் பெயர்ப் பலகை இடது பக்கம் இருந்தது. அவருக்கு வலது கண் மட்டும்தான் திறந்திருந்தது.

"ஆராய்ச்சிக்கு எதுக்கு இவ்வளவு சாய்வா நாற்காலி?"

"பெரிய இடம்ங்க" என்றாள் ஆத்தா.

"ஊசி?"

"கிருமி அசையாம இருக்கணும்ல."

டாக்டர் முறையாகக் கேட்டார். "எடுத்துடலாமா?"

"தாராளமா" என்றார் அப்பச்சி. கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பவரின் கம்பீரத்தோடு வாயைத் திறந்தார்.

ஒரு அழுத்தம். ஒரு திருகல். எஃகுத் தட்டில் 'டங்' என்று ஏதோ விழுந்தது.

அப்பச்சி ஒற்றைக் கண்ணால் தட்டைப் பார்த்தார். மூன்று வேரோடு கடைவாய்ப் பல். சுவரைப் பார்த்தார். அங்கே படம் படமாகப் பற்கள். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். வாய் நிறையப் பஞ்சு.

ஆத்தா அவர் உதட்டோரம் துடைத்துவிட்டாள்.

"கிருமி தனியா வரமாட்டேன்னுருச்சாம். வீட்டோட எடுத்துட்டாங்க."