பாப்பாரப்பட்டிக்கு வந்த துறைமுகம்

எழுதிப் பழக்கமில்லாத கை. படிப்பும் அஞ்சாம் வகுப்போடு சரி. முன்னது பின்னது மறந்து எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வேன்: கடலைக் கண்ணால் பார்க்காமலே துறைமுகம் நடத்திய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். பாப்பாரப்பட்டியில் பழைய சாக்கு விற்கிறார். ஊருக்கே அவர் 'ஹார்பர் பாய்'. சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

அவருக்கு அந்தப் பித்து பிடித்தது கோபத்தில். செல்போனில் ஏதோ ஒரு துறைமுகத்தின் வீடியோவைப் பார்த்திருக்கிறார். நிலக்கரி, தாது மண், கோதுமை எல்லாவற்றையும் மூட்டை கட்டாமல் அப்படியே கப்பலுக்குள் கொட்டுகிறார்கள். சாக்கு வியாபாரிக்கு நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்? பெண்கள் நாங்கள் கூலிக்குப் புளியங்கொட்டை எடுக்கும் களத்துக்கே ஓடிவந்தார்.

"அநியாயத்தப் பாருங்க ஆத்தா! இத்தாம்பெரிய கப்பலுக்கு ஒரு சாக்குகூட வாங்கலீங்க! நம்ம பொழப்புக்கு எமன் அங்கதான் உக்காந்திருக்கான்."

எமனை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்தத் துறைமுகக் கம்பெனியைப் பற்றியே ராப்பகலாகப் படித்தார். கடைசியில் எமன் மேலேயே ஆசை வந்துவிட்டது. தினமும் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கம் சொல்வார்.

"சரக்கு அவனுது இல்லீங்க. கப்பலும் அவனுது இல்ல. எடம் மட்டுந்தான் அவனுது. வர்ற கப்பல காக்க வைக்காம அனுப்பறான் பாருங்க, அதுலதான் சம்பாரிக்கிறான்."

"உங்க கதையில நாங்கதான் காத்துக் கெடக்கறோம் பாய். அந்தக் கூடைய இப்படித் தள்ளுங்க" என்பாள் என் பக்கத்தில் உட்காரும் சின்னபாப்பா.

கூடையைத் தள்ளிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார். "ஆனா அவங்கிட்ட ஒரு ஓட்டை இருக்குதுங்க. பெரும்பாலும் ஒரே சுரங்கத்து மண்ணு. அந்தச் சுரங்கக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா துறைமுகத்துல ஆடு மேய்க்க வேண்டியதுதான்."

சுரங்கக்காரன் மூஞ்சியைத் திருப்பினானோ இல்லையோ, எங்கள் புளி மண்டிக்காரர் திருப்பிக்கொண்டார். களத்துக்கு வரும் புளி மொத்தமும் அவருடையதுதான். இனிமேல் வேறு ஊரில் மிஷின் வைத்துக் கொட்டை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். களத்துச் சொந்தக்காரரான கவுண்டர் மறுவாரமே மனை போடுவதற்கு அளவுக்கல் கொண்டுவந்து இறக்கினார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே வராது.

பாய் திறந்தார். "கவுண்டரே, உங்க களம் ஒரே சுரங்கத்த நம்புன துறைமுகமுங்க. சரக்க மாத்துங்க, களம் நிக்கும்."

"கடலே இல்லாத ஊருல என்னாய்யா துறைமுகம்?"

"கடலு எதுக்குங்க? டிராக்டர் வந்தா பத்தாதா? நெலக்கடலை வரட்டும், சாமை வரட்டும், ராகி வரட்டும். காய வைக்க எடமில்லாம ரோட்டுல கொட்டி பஸ்சுக்கு அடியில விடறாங்க. இங்க கொட்டட்டும். ஆத்தாமாருங்க காய வெச்சு, பொடச்சு, கல்லுப் பொறுக்கித் தருவாங்க. உங்களுக்கு வாடகை, இவங்களுக்குக் கூலி."

கவுண்டர் மீசையைத் தடவினார். "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். களம் சும்மா கெடந்தா கல்ல நட்டுருவேன்."

பாய் தன் மொபெட்டில் நல்லம்பள்ளி, பென்னாகரம் என்று ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். கடலை பிடுங்கும் காலம் வந்தது. முதல் நாள் காலையில் போய்ப் பார்த்தால் களம் முழுக்கத் துண்டு! பச்சை, சிவப்பு, கட்டம் போட்டது. பஸ்சில் சீட்டுப் பிடிப்பது போல ஆளாளுக்குத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கடலை ஒன்றுகூட வரவில்லை.

பாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "கப்பலே வரல, துறைமுகம் ரொம்பிப்போச்சு!" எல்லாத் துண்டையும் அள்ளி ஒரு சாக்கில் திணித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பாய், மண்டை காயுதுங்க. துண்டக் குடுங்க."

"கடலையக் கொண்டா, துண்ட வாங்கிக்க. மொதல்ல வர்ற வண்டிக்குத்தான் எடம்."

அன்று மதியத்துக்குள் டிராக்டர்கள் வரிசை கட்டின.

கடலைக்குப் பின் சாமை, அதன்பின் ராகி. "சாக்கு வேண்டாம், கப்பல் மாதிரி அப்படியே கொட்டுங்க" என்பது பாயின் கட்டளை. ஊர்க்கோழி மொத்தமும் அந்தக் கட்டளையை வரவேற்றது. ஒரு நாள் ராகி குவிந்து கிடக்கிறது, கவுண்டர் பார்வையிட வந்து நிற்கிறார், வானம் கறுத்துவிட்டது. பாய் அண்ணாந்து பார்த்தார். செருப்பை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். இருந்த சாக்கையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்.

"புடிங்க ஆத்தா, மூட்டை கட்டுங்க!"

"கப்பலுக்குச் சாக்கு ஆகாதுன்னீங்களே பாய்?" சின்னபாப்பா விடுவாளா?

"கப்பலுக்கு மூடி இருக்குதும்மா! நமக்கு இருக்குதா?"

கட்டியது போக மிச்சக் குவியலைத் தார்ப்பாயால் மூடினோம். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. எனக்கு என்ன தோன்றியதோ, ஓரமாய்க் கிடந்த அளவுக்கல் ஒன்றை இழுத்துவந்து தார்ப்பாய் மேல் வைத்துவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே கவுண்டர். அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அடுத்த கல்லைத் தானே தூக்கினார்.

ஒரு படி ராகிகூட நனையவில்லை. பொங்கல் வந்தது, போனது. கவுண்டர் மனைப் பேச்சை எடுக்கவில்லை. கற்கள் இன்றும் தார்ப்பாய் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

வருகிற கோடையில் பெண்கள் எல்லாம் சேர்ந்து பாயைக் கடல் பார்க்கக் கூட்டிப்போவதாக இருக்கிறோம். "போனா அந்தக் கம்பெனிக்காரனுக்கு ரெண்டு யோசனை சொல்லோணும், துண்டு விசயத்துல ஏமாந்துறப் போறான்" என்கிறார்.

கப்பல், சுரங்கம் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பாயிடமே வந்து கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். சாக்குப் போட்டு உட்கார வைப்பார், லேசில் எழுந்திருக்க விடமாட்டார். நாங்களும் கல் பொறுக்கிக்கொண்டே இன்னொரு தடவை கேட்டுக்கொள்வோம்.