எட்டு அங்குலத்துக்கு மேல்

புல் அளப்போர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. வீட்டுக்கு முன்னால் கையகலப் புல்தரை இருந்தால் போதும், அங்கே முளைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிற்றூர் ஒன்றில் வாழும் டெல்பர்ட் க்ரூஸ் இந்த இனத்தில் நன்றாக விளைந்தவர். சனிக்கிழமை காலையில் வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, புல்வெட்டியை நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை ஓட்டி, நடைபாதை ஓரத்தைக் கத்தரிக்கோலால் திருத்தி, மஞ்சள் பூப் பூக்கும் களைகளை மண்டியிட்டு வேரோடு பிடுங்கி நிமிரும்போது, அவர் கண் தானாகப் பக்கத்து மனைக்குப் போகும். தன் புல்லைப் பார்த்து எவன் நிம்மதி அடைந்திருக்கிறான்?

பக்கத்து மனை அவருடைய தங்கை வெர்னாவினுடையது. முழங்காலில் அறுவை முடிந்து கோலூன்றி நடக்கிறாள். புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு நடுவில், வண்ணத்துப்பூச்சிகளுக்காக அவள் உயிராய் வளர்க்கும் பால்செடிகள். ஊர் விதிப்படி புல் எட்டு அங்குலத்தைத் தாண்டினால் நகராட்சி ஆட்கள் வந்து, செடியென்றும் பூவென்றும் பார்க்காமல் வழித்தெடுத்து, கூலியையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவார்கள்.

"புகார் எதுக்கு? நீங்களே வெட்டிக் குடுத்தா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் டெல்பர்ட்டின் மனைவி.

"அது உதவி. இது கொள்கை."

தொலைபேசியில் குரலை மாற்றி நகராட்சியிடம் புகார் செய்தார். பெயர் சொல்லவில்லை. கொள்கைக்குப் பெயர் எதற்கு?

ஆனால் இந்த இனத்துக்கு ஒரு வியாதி உண்டு. எல்லைக்கு அப்பால் ஒரே ஒரு பட்டை வெட்டிவிட்டு வருவார்கள். உதவிக்கு அல்ல, உறைக்கட்டும் என்று. அதிகாரி வரும்வரை பொறுக்க முடியாமல் டெல்பர்ட்டும் வெட்டினார்.

வெர்னா ஜன்னலைத் திறந்தாள். "அண்ணே, கோடு கோணலா இருக்கே."

"எங்க?"

"மேப்பிள் மரத்துகிட்ட. சின்ன வயசுலயே உனக்கு நேரா வராதே."

கோணலை மறைக்க இன்னொரு பட்டை. அதோடு பொருந்த மூன்றாவது. வேர்த்துக் கொட்ட, முணுமுணுத்துக்கொண்டே பால்செடிகள்வரை வந்துவிட்டார்.

"அதச் சுத்தி வட்டமா வெட்டுறது கஷ்டம். உன்னால ஆகாது, விட்டுடு."

விடுவாரா? தட்டை வைத்து வரைந்ததுபோல் வெட்டினார். சுற்றிலும் செங்கல்லும் பதித்தார்.

அதிகாரி வந்தார். பார்த்தார். "புல்லு கச்சிதமா இருக்கு. செங்கல் வரிசைக்குள்ள இருக்கறதால அது களை இல்ல, பூப்பாத்தி. விதி தொடாது. இந்த வீட்டு மேல எவன் புகார் குடுத்தான்?"

"எவனாவது வேலையத்த பயலா இருப்பான்," என்றார் டெல்பர்ட், உண்மையான கோபத்தோடு. அது அவர் வெட்டிய புல் அல்லவா?

"ஆமாண்ணே," என்றாள் வெர்னா. "பக்கத்துலதான் எங்கயோ இருக்கான்."

மறுவாரமே அவள் தன் புல்வெட்டியை விற்றுவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் புல்தரையே இல்லை என்கிறீர்கள். சரி. எதிர்வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில், அவற்றைக் காலால் நேராக்கியது யார்?