பூதக்கண்ணாடி பிடித்த பேனா

"பேனாவையே தொடாத பொண்ணு எண்பத்தெட்டு மார்க் எப்படிம்மா வாங்குவா?"

"வாயால சொன்னா சார்! எழுதத்தான் அவளுக்கு வராது, மூளைக்கு என்ன வந்துச்சு?"

தலைமையாசிரியர் அறையில் தையல்காரம்மா போட்ட சத்தம் தெருமுனை ஜெராக்ஸ் கடைவரை கேட்டது. கேட்கத்தான் வேண்டும்; சண்டையே அந்தக் கடைப் பெண்ணைப் பற்றித்தான்.

தையல்காரம்மாவின் மகள் ஏழாம் வகுப்பு. எழுத்துகள் அவள் கண்முன்னால் இடம் மாறி உட்காரும்; ஒரு பத்தியை வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் காதில் விழுந்தது ஒன்றுகூட நழுவாது. மருத்துவர் சான்றிதழ் கொடுத்ததால், அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் பரீட்சை எழுதலாம். முதல் பரீட்சையை ஜெராக்ஸ் கடைப் பெண் எழுதினாள்.

தலைமையாசிரியருக்குத் தெருவில் வழங்கும் பெயர் பூதக்கண்ணாடி. சாக்பீஸ் டப்பாவைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்.

"படிச்ச பொண்ணு, விடையை அவளே போட்டிருப்பா. இனிமே படிக்காத ஆளா பார்த்து உட்கார வைக்கிறேன். அதுலயும் தில்லுமுல்லு தெரிஞ்சா சலுகை ரத்து. முழுப்பரீட்சையை உங்க பொண்ணே எழுதட்டும்!"

தையல்காரம்மாவுக்குத் தெரியும்: மகளே எழுதினால் தாளில் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாம் பரீட்சைக்குப் பள்ளி வேன் டிரைவர் வந்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். மார்க் தொண்ணூற்றொன்று.

பூதக்கண்ணாடிக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவரின் சட்டைப்பையைத் துழாவினார், வேன் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். துண்டுச்சீட்டு கிடைக்கவில்லை, ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் கைக்குட்டை கிடைத்தது.

"ஆகா! ரெண்டும் கூட்டுக்களவாணிங்க!"

மூன்றாவது, அறிவியல். இருபத்தைந்து கேள்வி, கேள்விக்கு நாலு மார்க். "நானே எழுதறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒலி எதுல ரொம்ப வேகமா போகும்? காற்றா, தண்ணீரா, இரும்பா?"

"இரும்பு சார்."

எழுதினார். உடனே வாத்தியார் கை அரித்தது. இரும்புக்கு ஏது காது? பாவம், பிள்ளை உளறுகிறது. அடித்துவிட்டு மேலே 'காற்று' என்று போட்டார்.

"ஏன் சார் அடிக்கிறீங்க?"

"எழுத்து சரியா விழல. நீ மேல சொல்லு."

இப்படிப் பன்னிரண்டு இடங்களில் இரக்கப்பட்டார்.

மார்க் ஐம்பத்திரண்டு! அவருக்கு உச்சி குளிர்ந்தது. நாம் கைகொடுத்தே இவ்வளவுதான் என்றால், அந்தக் களவாணிகள் எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்! இதை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் சின்ன வருத்தம்.

தையல்காரம்மாவை வரவழைத்தார். விடைத்தாளோடு அறிவியல் டீச்சரும் வந்து ஓரமாக நின்றாள்.

"பாத்தீங்களாம்மா? நான் எழுதினதும் குட்டு வெளிப்பட்டுச்சு. சலுகை வேண்டாம்னு இதுல கையெழுத்துப் போடுங்க."

தையல்காரம்மா பேனாவை வாங்கினாள்.

டீச்சர் தொண்டையைச் செருமினாள். "ஒரு நிமிஷம் சார். இதுல பன்னிரண்டு விடை அடிச்சிருக்கு. அடிச்சதெல்லாம் சரி. அடிச்சிட்டு மேல எழுதினதுதான் தப்பு."

அந்த வருடமே பூதக்கண்ணாடி மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் வேன் டிரைவரும் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அந்தக் கூட்டை மட்டும் மனிதர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்.