மூக்கு நாற்காலி

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் வெர்ல் ஹாஸ்கெட். பக்கத்து மேட்டுக்காரன். பதினொரு வருஷத்துக்கு முன்னால், விவசாயிகள் மன்றத்தின் பான்கேக் விருந்தில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டட்டில் வீட்ல மூக்குன்னு ஒண்ணு கிடையாது" என்றான். டட்டில் என்பது என் குடும்பப் பெயர். முப்பத்தோரு பேர் சிரித்தார்கள். நான் எண்ணினேன். அதில் ஒருத்தி என் மனைவி லோரீன்.

அவன் அந்த வார்த்தையை வாபஸ் வாங்க வேண்டும். அதே கூடத்தில், அதே சத்தத்தில். இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

எங்கள் ஹம்போல்ட் மலையில் ஒருவன் மூக்கைப் பழிப்பது அவன் குடும்பத்தையே பழிக்கிற மாதிரி. மலை முழுக்க லைசன்ஸ் வாங்கிய கஞ்சாத் தோட்டங்கள். மன்றத்துக் கடையில் பருவத்துக்கு ஓர் அலமாரி. பைன் மரம் மணக்கிற பூ குளிர்கால அலமாரிக்குப் போகும். லாவெண்டர் மணந்தால் வசந்தம். எலுமிச்சை மணந்தால் கோடை. மிளகு நெடி அடித்தால் இலையுதிர் காலம். ஜாடி ஜாடியாக முகர்ந்து பருவம் சொல்ல ஓர் ஆள் உண்டு. அவருக்கென்று கூடத்து மூலையில் கைவைத்த மர நாற்காலி. மூக்கு நாற்காலி என்போம். இருபது வருஷம் அதில் இருந்த ஓரின், செப்டம்பரில் முழங்கால் வலி என்று அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாற்காலி காலி.

அதில் நான் உட்கார்ந்தால் போதும். வெர்லின் ஜாடியும் என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். அப்போது பேசிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். எனக்கு வாசனை தெரியாது. நாற்பது வருஷம் காட்டில் மரம் அறுத்தவன் நான். மிஷின் ரம்பத்தின் புகை முழுக்க இந்த இரண்டு துவாரம் வழியாகத்தான் போய் வந்தது. அதற்காக மூக்கே இல்லை என்பது அவதூறு. மூக்கு இருக்கிறது. வேலைக்குத்தான் வருவதில்லை. ஆரஞ்சுத் தோல், மிளகுத்தூள் மாதிரி பலமாக ஏதாவது வந்து தட்டினால் எழுந்துகொள்ளும்.

லோரீனிடம் சொன்னேன்.

"நான் மூக்கு நாற்காலிக்கு நிக்கப்போறேன்."

"நிக்கறதுக்கா? அதுல எல்லாரும் உட்கார்ந்துதான் பாத்திருக்கேன்."

"கேலி வேண்டாம். மனுவை நீயே எழுதிக் குடுத்துடு. என் கையெழுத்து அவங்களுக்குப் புரியாது."

"உனக்கே புரியாது. டெல், நேத்து பீன்ஸ் அடிப்பிடிச்சுக் கரியாச்சு. நீ அடுப்புக்குப் பக்கத்துலதான் இருந்த."

"யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"மலை அடிவாரத்துலேர்ந்து போன் பண்ணிக் கேட்டாங்க, என்ன எரியுதுன்னு."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மனுவை எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டினாள். நல்ல பெண்.

அதிர்ஷ்டமும் என் பக்கம்தான் இருந்தது. போட்டி ஜாடி நாலும் எங்கள் வீட்டுக்கே வந்தன. மன்றத்தை நடத்தும் மார்வெல்லாவுக்கு இந்த மலையில் லோரீன் ஒருத்திமேல்தான் நம்பிக்கை. நாலு தோட்டத்துப் பூ, நாலு பீங்கான் ஜாடி, ஒன்று முதல் நாலு வரை நம்பர். கூடவே ஆய்வுக்கூடத்துத் தாள்கள். எந்த ஜாடியில் எந்த வாசனைச் சத்து எவ்வளவு என்று அதில் அச்சடித்திருக்கும். டெர்பீன் என்பார்கள். லோரீன் அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்குப் படிப்பு வாசனையும் குறைவு. விரல் வைத்துத்தான் வாசிப்பேன்.

"லோரீன், இந்த வார்த்தை என்ன?"

"பைனீன். பைன் மரத்து வாசனை. எத்தனாம் நம்பர்?"

"ரெண்டு. சும்மாதான் கேட்டேன்."

"லினலூல்னு நாலாம் நம்பர்ல இருக்கும். லாவெண்டர். சும்மாதான் சொல்றேன்."

"மூணுல ஏதோ ரயில் நீளத்துக்கு இருக்கே."

"கேரியோஃபிலீன். நீ வாய்விட்டுப் படிக்காத, பல்செட்டு கழண்டுக்கும். மிளகுன்னு வச்சுக்க. ஒண்ணு லிமோனீன், எலுமிச்சை."

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தேன். அவளுக்கு மூக்கில் வியர்த்ததாகவே தெரியவில்லை.

போட்டியில் கண்ணைக் கட்டிவிடுவார்கள்; நம்பர் தெரிந்தும் பயனில்லை, வாசனை வந்தாக வேண்டும். பூ அதிகம் காய்ந்துபோனால் ஜாடியில் ஆரஞ்சுத் தோலைப் போட்டு வைப்பது மலையில் பழைய பழக்கம். தோல் ஈரத்தைக் கொடுக்கும். தன் வாசனையையும் கொடுத்துத் தொலைக்கும். அந்த இரண்டாவது சமாசாரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. வியாழக்கிழமை அவள் தோட்டத்தில் இருந்தபோது, முதல் ஜாடியில் ஆரஞ்சுத் தோலைப் பூவுக்கு அடியில் செருகினேன். இரண்டாவதில் பைன் ஊசியிலையைக் கசக்கிப் போட்டேன். மூன்றாவதில் ஒரு கைப்பிடி மிளகு. நாலாவதில் அவள் தொட்டியிலிருந்து லாவெண்டர்.

சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள்.

"டெல், மிளகு தீந்துபோச்சு."

"வயசான காலத்துல காரத்தைக் குறைக்கணும்."

"லாவெண்டர் பாதியைக் காணோம்."

"மான் மேஞ்சிருக்கும்."

"கத்திரிக்கோலால வெட்டின மாதிரி இருக்கு."

"இந்தக் காலத்து மான்."

"சரி" என்று உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன், அந்தச் 'சரி'யைக் கேட்டு அங்கேயே எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் இன்னொரு உருளைக்கிழங்கு கேட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. பான்கேக் விருந்தோடு கூடம் நிறைந்திருந்தது. அக்டோபரில் எங்கள் மலையே ஒரு ஜாடி. சட்டை, வண்டி, நாய் எல்லாவற்றிலும் அறுவடை வாசனை. வெர்லும் நானும் மட்டும்தான் போட்டி. மார்வெல்லா முதலில் வெர்ல் கண்ணைத் துண்டால் கட்டினாள். லோரீன் ஜாடியைத் திறந்து அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"கோடை" என்றான் வெர்ல். "லிமோனீன் தூக்கலா இருக்கு. தெற்குச் சரிவு. ஆகஸ்ட் கடைசியில வெட்டியிருப்பாங்க."

என் ஆரஞ்சு அவன் மூக்கிலும் ஏறும் என்பதை நான் யோசிக்கவில்லை. நாலையும் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினான். தட்டியதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

என் முறை. நாலும் வந்து பலமாகத் தட்டின. என் மூக்கு எழுந்து உட்கார்ந்தது. கோடை, குளிர்காலம், இலையுதிர் காலம், வசந்தம் என்று மளமளவென்று சொன்னேன். வெர்லைவிட ஒருபடி மேலே போக வேண்டுமே. "அந்த மூணாம் நம்பர் இருக்கே, அப்படி ஒரு பூவை நான் ஆயுசுல பாத்ததில்ல" என்றேன்.

"நானும்தான்" என்றாள் லோரீன்.

கண்கட்டை அவிழ்த்தார்கள். மார்வெல்லா கையைப் பிசைந்தாள். "ரெண்டு பேரும் நாலும் சரி. இப்ப என்ன செய்யறது லோரீன்?"

லோரீன் நாலு ஜாடியையும் தட்டில் கவிழ்த்தாள். ஆரஞ்சுத் தோல் விழுந்தது. ஊசியிலை விழுந்தது. லாவெண்டர் விழுந்தது. மிளகு உருண்டு வெர்லின் பூட்ஸ் வரைக்கும் போனது. மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை.

"பூ எங்கே?" என்றாள் மார்வெல்லா.

"யாரோ ஜாடியில மளிகைச் சாமானைப் போட்டுட்டாங்க. பூ கெட்டுடும்னு அன்னைக்கே மாத்திட்டேன். சாமானை மட்டும் அந்தந்த ஜாடியிலயே விட்டுட்டேன். போட்டவங்க தேடுவாங்கள்ல."

யாரோ என்றாள். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. ஆனால் ஆரஞ்சுத் தோலுக்குத் தெற்குச் சரிவு கண்டுபிடித்தவன் முகத்தையும் நான் பார்த்தேன். ஒரே வெட்டில் இரண்டு மூக்கு.

லோரீன் கூடையிலிருந்து வேறு நாலு ஜாடியை எடுத்தாள். நம்பர் இல்லை, சீட்டு இல்லை.

"எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் மார்வெல்லா.

லோரீன் ஒரு மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாள். "இது இங்கெர்சால் தோட்டம். பைனுக்கு அடியில ஈரமண் வாசனை. ஆத்தோரப் பாத்தி. குளிர்காலம்." இங்கெர்சால் தலையாட்டினார். அடுத்த மூடி. "இது உன்னுது வெர்ல். எலுமிச்சை இருந்திருக்கு. அவசரப்பட்டு ஹீட்டர் போட்டுக் காயவச்சியா? பாதி பறந்துடுச்சு. கோடைதான், ஆனா மேகம் போட்ட கோடை."

வெர்ல் கூரையைப் பார்த்தான். ஹீட்டர் போட்டிருக்கிறான்.

மீதி இரண்டையும் அப்படியே சொன்னாள். தோட்டக்காரர்கள் தலையாட்டினார்கள். மார்வெல்லா மனுக்களை எடுத்துப் பார்த்தாள்.

"ஹாஸ்கெட்னு ஒண்ணு, டட்டில்னு ஒண்ணு. எந்த டட்டில்னு போடலையே?"

"இடம் பத்தல" என்றாள் லோரீன். மூலைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

அப்போதுதான் வெர்ல் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"பதினொரு வருஷத்துக்கு முந்தி, டட்டில் வீட்ல மூக்கு கிடையாதுன்னு இதே கூடத்துல சொன்னேன். தப்பு. வாபஸ் வாங்கிக்கிறேன், லோரீன்."

அதே கூடம். அதே சத்தம். நான் அவனுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். மீதியைச் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் உட்கார்ந்து பான்கேக்கில் சிரப் ஊற்றிக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் லோரீன்தான் வண்டியை ஓட்டினாள்.

"அவன் சொன்னது எனக்கு வர வேண்டியது" என்றேன்.

"அப்படியா?"

"பாதியாவது எனக்கு வரணும், லோரீன். மூக்கில்லைன்னு அவன் சொன்னது என்னைத்தான்."

அவள் கியரை மாற்றினாள். "அந்தப் பாதியை அவன் சரியாத்தானே சொல்லியிருக்கான், டெல்."

வெர்ல் ஹாஸ்கெட் எனக்கு இன்னும் பாக்கி.