அப்பா வாத்தான அநியாயம்

எங்கள் வீட்டில் ஒரு மாபெரும் அநியாயம் நடந்துவிட்டது. அநியாயத்துக்கு ஆளானவர் அப்பா. செய்தவள் அம்மா. கூடவே இருந்து பார்த்த சாட்சி நான். சாட்சி சிரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே சிரித்துக்கொண்டே சொல்கிறேன்.

எல்லாம் ஒரு சபதத்தில் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டு அப்பா எழுந்து நின்றார். (அவர் பேச்சை வாசிக்கும்போது முதலில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள். "உப்பு எங்கே?" என்று கேட்பதற்கே அவர் செருமுவார்.)

"அந்த டான்ஸ் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நான் வரமாட்டேன். வரமாட்டேன்னா வரமாட்டேன்!"

"யாரு வரச் சொன்னா?" என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் பாதிக் காற்று அங்கேயே இறங்கிவிட்டது. கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருந்தார் பாவம்.

"போன வருஷம் என்ன ஆச்சு? நம்ம பொண்ணு ஆடுறது ஒரே ஒரு பாட்டு. அதுக்காக ஊரான் பிள்ளைங்க எல்லாம் ஆடி முடிக்கிற வரைக்கும் தேமேன்னு உக்காந்திருந்தேன். முன் வரிசையில ஒரு அம்மா கொண்டை! கொண்டையா அது? மொட்டை மாடித் தண்ணித் தொட்டி! அதுக்குப் பக்கத்துல எட்டி எட்டிப் பாத்து என் கழுத்தே ஒரு பக்கமாப் போச்சு. கடைசியில நம்ம ஆளு ஆடினாளா? நடு மேடையில நின்னு ஓன்னு அழுதா!"

என் தங்கையின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

அவளுக்கு ஐந்து வயது. வீட்டில் பெயர் பொடி. பல் தேய்க்கும்போதும் ஆடுவாள், செருப்பு மாட்டும்போதும் ஆடுவாள். ஆனால் போன வருஷம் மேடைக்கு எதிரே இருட்டையும் இருட்டுக்குள் அத்தனை தலைகளையும் பார்த்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பக்கத் திரை ஓரமாக நின்று அம்மா ஆடிக் காட்டினாள். அது இன்னும் வம்பாகிவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் அழுகை வந்துச்சுன்னா நான் டான்ஸையே விட்டுடுவேன்," என்று பொடி தன் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா செருமினார். "அதெல்லாம் அந்த டீச்சர் தப்பு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அம்மா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள். பல் பிடுங்க வந்து, பயந்து வாசலோடு திரும்புகிறவர்களையே சிரிக்கவைத்து நாற்காலியில் உட்காரவைக்கிறவள். அப்பா எம்மாத்திரம்?

சமையலறையில் என்னை ஓரங்கட்டினாள். "குழந்தைங்க பாத்து ஆடறதுக்கு ஓரமா ஒருத்தர் நிக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நான் நின்னா ஓடி வந்துடுவா. உங்கப்பாதான் நிக்கணும்."

"அப்பாவா? ஆடுங்கன்னு சொன்னா வீட்டை விட்டே ஓடிடுவாரும்மா."

"ஆடுங்கன்னு யாருடி சொல்லப்போறா? அவர் கண்ணு முன்னாடி நான் தப்பா ஆடப்போறேன்."

இங்கே அப்பாவின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கோணல் குழாயைக் கண்டால் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குவது வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேனாவை அவர் மூடுவதில்லை. சட்டை மடிப்பு, சுவர்க் கடிகாரம், என் தலை வகிடு, எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு பெருக்கல் குறி விழுந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் மாலை அப்பா சோபாவில் பேப்பரோடு இருந்தார். அம்மா டான்ஸ் ஸ்கூல் பயிற்சி வீடியோவைப் போட்டாள். ஏழு வாத்துக் குஞ்சுகள் குளத்துக்குப் போகிற ஆட்டம். வீடியோவில் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். வலது, வலது, இடது, வாலை ஆட்டு, இறக்கையை அடி, திரும்பு. பொடி அழகாக ஆடினாள். அம்மா இடது, இடது, வலது என்று போய் அலமாரியில் இடித்துக்கொண்டாள்.

பேப்பர் கீழே இறங்கியது.

"ஏய், நிறுத்து! வலதுல ஆரம்பிக்கணும். நீ பாட்டுக்கு எங்க போறே?"

"எல்லாம் கால்தானேங்க?"

"எல்லாம் கால்தானா? அப்ப செருப்பையும் மாத்தி மாட்டிக்கிட்டுப் போ! வீடியோவைப் பாரு. கால்னா அது கால்! என்ன சுத்தம், என்ன நிதானம்! உன்னோடது காலா? மேசைக் கால்!"

"என்ன பண்றதுங்க, எனக்கு வாய்ச்சது அவ்வளவுதான்."

நான் சோபா தலையணையை எடுத்துக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால் டீச்சருக்குக் கணுக்கால் சுளுக்கு. அவருக்குப் பதிலாக வீடியோவில் ஆடியது அம்மா. படம் பிடித்தது நான். பதினாறு வருஷமாக அவருக்கு முன்னாலேயே நடமாடுகிற கால்களை அப்பா வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார், அதே கால்களைத் திட்டிக்கொண்டு!

அப்புறம் தினமும் இதே கூத்து. முதலில் பேப்பரைச் சுருட்டிச் சுட்டிக்காட்டினார். பிறகு உட்கார்ந்தபடியே பாதத்தால் தாளம் போட்டார். ஒருநாள், அம்மா வேண்டுமென்றே வாலை முன்பக்கமாக ஆட்டியபோது, அப்பாவால் தாங்க முடியவில்லை. துள்ளி எழுந்தார்.

"வால் பின்னாடிடீ இருக்கும்! எந்த வாத்துக்கு முன்னாடி வால்? இப்படி! இப்படி!"

அப்பாவின் பின்பக்கம் இடமும் வலமும் போய்வந்தது. வீடு அதிர்ந்தது. கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மாமா. (மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். அவருக்கு நிரந்தர ஜலதோஷம்.)

"சார், மேல என்ன, பீரோவை நகத்துறீங்களா?"

"இல்ல சார். வாத்து."

"வாத்து வளக்குறீங்களா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"வளக்கல சார். நான்தான் வாத்து."

மாமா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "எப்பலேருந்து சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவைச் சாத்திவிட்டு அப்பா அம்மாமேல் பாய்ந்தார். "எல்லாம் உன்னாலதான்! நீ ஒழுங்கா ஆடியிருந்தா எனக்கு இந்தத் தலையெழுத்து உண்டா?"

"தப்புதாங்க. அந்தத் திரும்புற இடத்தை மட்டும் இன்னொருவாட்டி..."

"கடைசிவாட்டி!"

விழாவுக்கு அப்பா வந்தார். "என் சபதம் சபதம்தான். எவ்வளவு மோசமா நடத்துறாங்கன்னு பாக்கத்தான் வரேன்," என்றார். மேடைக்குப் பின்னால் ஒரே களேபரம். கொண்டை ஊசியை வாயில் கவ்விய அம்மாக்கள், பாதி ஒட்டிய அலகுகள், முழுக்க ஜிப் போட்ட பிறகு "ஒண்ணுக்கு வருது" என்கிற மஞ்சள் குஞ்சு ஒன்று.

"எந்த மடையன் முதுகுல ஜிப் வெச்சான்?" என்று அப்பா கொதித்துக்கொண்டே அந்த ஜிப்பை இழுத்தார்.

டீச்சர் நொண்டி நொண்டி வந்து, "நான் மியூசிக் போடப் போறேன். ஓரமா நிக்கிறது யாரு?" என்றார்.

"நான்தான்," என்று அம்மா போய் நின்றாள். முகத்தில் பால் வடிந்தது. "இடது, இடது, வலது. அப்புறம் வால் முன்னாடி. சரிதானே?"

தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

"விலகு."

"வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"விலகுன்னா விலகு! ஏழு குழந்தைங்க மானத்தோட விளையாடாதே!"

அம்மா விலகினாள். நேராகப் போய் முன் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

திரை விலகியது. பொடி இருட்டைப் பார்த்தாள். கீழுதடு துடித்தது. அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவள் தலையைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தாள். அங்கே இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா இரண்டு முழங்கைகளையும் விரித்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தார். பொடியின் உதடு நேரானது. வலது. வலது. இடது. ஏழு குஞ்சுகளும் கிளம்பிவிட்டன!

பாதியில், ஏணிமேல் உட்கார்ந்திருந்த லைட்காரர் அப்பாவைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தார். அப்பா ஆட்டத்தை நிறுத்தினார். இடுப்பில் ஒரு கை, மறு கையால் விரல் ஆட்டல். "என்னய்யா சிரிப்பு? வேலையைப் பாரு!"

மேடையில் ஆறு வாத்துக் குஞ்சுகள் இடுப்பில் இறக்கையை வைத்துக்கொண்டு சபையைப் பார்த்து விரலை ஆட்டின. அரங்கமே வெடித்தது. பொடி மட்டும் நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டே அப்பாவைப் பார்த்து இறக்கையால் வா வா என்றாள். அப்பா லைட்காரரை விட்டுவிட்டு அவசரமாக வாலுக்குத் திரும்பினார். ஆட்டம் முடிந்தது. பொடி அழவில்லை. இரண்டு தடவை வணங்கினாள்.

உள்ளே வந்த அம்மாவிடம் அப்பா வேர்த்து வழிய முழங்கினார். "பாத்தியா? எம்பொண்ணு கண்ணு என்னை விட்டு நகரல! நான் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? உன்னை நம்பி இனிமே விடறதா இல்ல. சனிக்கிழமை வகுப்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன்!"

"காலங்காத்தாலயா? உங்க தூக்கம் கெட்டுடுமேங்க."

"கெடட்டும்!"

பொடி அலகை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வந்து அப்பாவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவாயில்லப்பா, நடுவுல மட்டும்தான் மறந்தீங்க. அப்பாவுக்குக் கூட்டம்னா பயம், நீ ஆடிக் காட்டினாத்தான் ஆடுவார்னு அம்மா சொன்னாங்க, அதான் நான் அழவே இல்ல. அடுத்த வருஷமும் நான் பாத்துக்கறேன், பயப்படாதீங்க."